பின்வாசல் இல்லாத வீடு

சிவகாசி நகருக்குள் புதிதாக எழும் அடுக்குமாடிகளில் வீடோ அலுவலகமோ வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆடி மாதக் கடைசிச் சனிக்கிழமை போய் வந்தேன். நான் வாங்கப் போகவில்லை. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த செல்விதான் கூப்பிட்டாள். "நீயும் வா. உன் முன்னாடின்னா எங்கம்மா சண்டை போட மாட்டா."

செல்வி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கிறாள். அவள் அம்மா பேச்சியம்மாளுக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் வேலை. ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றும் ஆலை வேன் நகரத்துக்குள் வராது. ஆகவே நகருக்குள் ஒரு வீடு வாங்கி அம்மாவைக் குடிவைத்துவிட்டால் அந்த வேலை தானாக நின்றுவிடும் என்று செல்வி நம்பியிருந்தாள்.

காலை ஆறரைக்கு விருதுநகரில் ரயில் இறங்கினேன். (அந்த ஊரின் பேர்போன எண்ணெய் பரோட்டாவைக் காலையில் தேடி ஏமாறாதீர்கள், மாலையில்தான் அது.) இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இருபத்தெட்டு ரூபாய்.

கட்டடம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். முன்பு அச்சகக் கிடங்காக இருந்த இடம். கீழே கடைகள், அதற்கு மேல் இரண்டு தளம் அலுவலகங்கள், அதற்கும் மேல் நான்கு தளம் வீடுகள். தெருவில் காகித லோடு லாரி ஒன்று பின்னால் வந்தால் எல்லாரும் நின்று வழிவிட வேண்டும். அலுவலகத் தளங்களில் ஓர் ஆடிட்டர் மட்டும் குடிவந்திருந்தார். மற்ற கண்ணாடிகளில் ஒட்டுத்தாள்கூடக் கிழியவில்லை. வீடுகளில் பாதி விற்றுவிட்டதாம். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள்.

"சென்னை கம்பெனியெல்லாம் இங்கன வரப்போகுதுக்கா" என்றார் விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்த மதுரைத் தம்பி.

"வந்து வெடி போடவா?" என்றாள் செல்வி.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதிரி வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மாள் வந்தார். சனிக்கிழமை என்பதால் வேலை மதியத்தோடு முடிந்திருந்தது. ஆலையிலிருந்து நேராகப் பேருந்தில் வந்திருந்தார். முழங்கைவரை பட்டாசில் சேர்க்கும் வெள்ளிப் பொடி மின்னியது. வாசலோடு நின்றுவிட்டார்.

"அட, செருப்போட வாங்கம்மா. டைல்ஸ் தொடைக்க ஆள் இருக்கு."

"டைல்ஸுக்கு இல்ல தம்பி. உள்ள அடுப்பு இருக்கா?"

"இருக்கும்மா! சிம்னியோட!"

"அப்ப நா இங்கனயே நிக்கேன்."

"யம்மா, அது சும்மா காட்டுறதுக்கு வச்ச அடுப்பு. கேஸே கெடையாது" என்றாள் செல்வி.

"கேஸ் இல்லாட்டியும் அடுப்பு அடுப்புதானட்டி. ஏந் தம்பி, இதுக்குப் பின்வாசல் எங்கன இருக்கு? நா எங்கன நின்னு குளிச்சிட்டு உள்ள வர?"

மதுரைத் தம்பி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்ரூம் ரெண்டு இருக்கும்மா. வேணும்னா மொட்டைமாடில ஒரு கொழாய் போடச் சொல்றேன்."

"நல்லாச் சொன்னீக. மாடிக்கு ஏறிக் குளிச்சிட்டு, ஈரச் சேலையோட லிப்ட்ல எறங்கி வரணுமாக்கும்."

தம்பி சிரித்தார். பேச்சியம்மாளும் சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை.

அவளுக்கு மாரி என்று ஒரு தங்கை இருந்தாள். அதே ஆலையில் வேலை பார்த்தாள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குளிக்கத் தண்ணீர் இல்லை. காபி மட்டும் போட்டுக் குடிக்கலாம் என்று வேலை உடுப்போடு அடுப்படிக்குப் போனாள். உடுப்பில் இருந்த மருந்து பற்றிக்கொண்டது.

"நீதான் வேலைய விடப்போறியேம்மா, பின்வாசல் எதுக்கு?" செல்வி மெதுவாகத்தான் கேட்டாள்.

பேச்சியம்மாள் அவளைப் பார்க்காமல், "இந்த சீசன் முடியட்டும்ட்டி. நின்னுக்கிறேன்" என்றார்.

லிப்டில் இறங்கும்போது செல்வி என்னிடம் சொன்னாள்: "மாரியும் இதேதான் சொன்னா." முன்பணம் கட்டாமலே கிளம்பினோம்.

இனி நான் பார்த்தவரை: அச்சுத்தொழிலைச் சார்ந்து வேலை செய்பவர்களுக்கு அந்த அலுவலகத் தளங்கள் பயன்படும், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சென்னை கம்பெனிகளை நம்பி வாங்காதீர்கள். வீடுகள் மீதியும் விற்றுவிடும். ஆனால் மாலையில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று தெருவில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த ஊரைப் பிழைக்க வைக்கும் ஆட்கள் அங்கே குடியிருக்கப் போவதாக அந்தக் கட்டடத்தை வரைந்தவர்கள் நினைக்கவே இல்லை. செல்வி மட்டும்தான் நினைத்தாள்.

அன்று மாலை அவர்களோடு தாயில்பட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். எனக்குக் காபி போட செல்வி அடுப்பில் பாலை வைத்தாள், ஆனால் பற்றவைக்கவில்லை. கையில் லைட்டரோடு, பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். சத்தம் நின்றது. "யம்மா, முடிச்சிட்டியா?" என்று கேட்டாள். பதில் வரும்வரை காத்திருந்தாள்.