கடைசி வரிசையில் ரபீக்கின் கதிரை

இன்று அஸர் தொழுகையைக் கதிரை இல்லாமல் தொழுதேன்.

இத்தனை மாதமும் நானும் கூட்டாளி ரபீக்கும் பள்ளிவாசலின் கடைசி வரிசையில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில்தான் தொழுதோம். இருவருக்கும் ஒரே கால் வருத்தம். உள்ளங்கால் வளைவு இறுகிப்போய், விரல்களை மடித்து ஊன்றி அத்தஹிய்யாத் ஓதத் தரையில் உட்காரவே முடியாது.

சிலாபத்தில் டொக்டரிடம் காட்டிவிட்டு வந்து அவன்தான் சொல்லித் தந்தான். "மச்சான், போத்தல்ல தண்ணி நிரப்பி ஐசாக்கி, காலுக்குக் கீழ வச்சு உருட்டு. பிறகு விரலப் பின்னுக்கு இழுத்துப் பிடி. நோன்புக்கு முந்தி ரெண்டு பேரும் கீழ இருந்து தொழணும்."

தினமும் காலையில் வட்ஸ்அப்பில் கேட்பான்: "உருட்டினியா?"

"ஓம். நீ?"

"போத்தல் இன்னும் ஐசாகல்ல மச்சான்."

எந்த நாளும் இதே பதில்தான்.

போன மாதம் நெஞ்சு வலி வந்து ரபீக் மௌத்தாகிவிட்டான். இப்போது காலையில் கேட்க ஆளில்லை. நான் மட்டும் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

இன்று விரல் மடிந்தது. பழைய இடத்திலேயே கீழே இருந்து தொழுதேன். வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தபோது, அவனுடைய கதிரையின் கால்கள்தான் கண்ணில் பட்டன.

பள்ளியைப் பார்த்துக்கொள்பவர் வந்து, அண்ணன் முறையில் அழைத்துக் கேட்டார். "நானா, கால் சுகம்தானே? ரெண்டு கதிரையையும் உள்ளுக்கு எடுத்து வைக்கவா?"

"என்டத எடுங்க. மத்தது இருக்கட்டும்."

உள்ளங்கால் நோவுள்ளவர்கள் யாரும் வந்து அதில் இருக்கலாம். ஆனால் அப்படி வருபவரிடம், போத்தல் ஐசாகிவிட்டதா என்று தினமும் காலையில் கேட்பேன், பரவாயில்லையா?