தராசில் நின்ற மூக்கி

என் சித்தப்பாவைப் பண்ணையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘அண்டா’ என்பார்கள். இளையவர்களுக்கு ‘அண்டாண்ணே’. பயிரில் இறங்கும் காட்டுப்பன்றிகளை விரட்டப் பண்ணையில் ஒரு நாய்க்கூட்டம் உண்டு. அதற்குச் சமைத்துப் போடுவதுதான் அவர் வேலை. அவற்றை அடைக்கும் கொட்டடியை ஒட்டிய சமையல் கொட்டகையில் ஆள் உள்ளே இறங்கித் தேய்க்கிற அளவுக்கு ஓர் அண்டா இருக்கிறது. அந்தப் பட்டம் அதிலிருந்து வந்தது.

எனக்குக் கிடைத்த பட்டம் வேறு. எங்கள் வம்சத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அதை நேரில் சொல்லத்தான் போன வருடம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து நேராகக் கொட்டடிக்குக் கூட்டிப்போனார். “டேய், பட்டதாரி வந்திருக்கார்டா. எல்லாரும் வாலாட்டுங்க,” என்றார். ஆட்டின. எனக்கு நடந்த பாராட்டுக் கூட்டங்களில் அதுதான் பெரியது.

வெயில் காலத்தில் அவர் வேலை சுலபம். உறைபனி விழ ஆரம்பித்தால்தான் கஷ்டம். ஓடும் நாய் குளிரில் தன் உடம்பையே எரித்துத்தான் சூடு காக்கும். வழக்கமாகப் போடுவதோடு இன்னொரு பங்கு சேர்த்துப் போட்டாலும் போதாது. கசாப்புக் கடையில் கழிக்கும் கொழுப்பையும் குடலையும் தானிய மாவோடு குழைய வேகவைப்பார். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவார். தண்ணீர் உறைந்தால் நாய் குடிக்காது, குடிக்காவிட்டால் தின்னவும் தின்னாது என்று வாளிகளில் வெந்நீர் கலந்து வைப்பார். ஈர வைக்கோலில் படுத்து நடுங்கினால் தின்றதெல்லாம் நடுக்கத்துக்கே போய்விடும். அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்கால ரோமம் அடர்த்தியாக வளர்ந்து உடம்பை மறைத்துவிடும் என்பதால் கண்ணால் பார்க்க மாட்டார். ஒவ்வொன்றின் விலாவிலும் விரல்களை ஓட்டுவார்.

“எனக்கு ஜுரம்னா நெத்தியைக்கூடத் தொட்டுப் பார்க்க மாட்டார்,” என்பாள் சித்தி. “அதுங்களுக்கு மட்டும் தினமும் வைத்தியம். நானும் நாலு காலோட பொறந்திருக்கணும்.”

“பொறந்திருந்தா குரைக்கிறதுக்குத் தனியாப் பழகியிருக்க வேண்டாம்,” என்பார் சித்தப்பா.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி உண்டு. ஓடுவதற்கு முன்னால் நாய்க்கு வயிறு நிறையப் போடக் கூடாது. காலையில் ஒரு வாய் சாறு, அவ்வளவுதான். ஓடி வந்து, மூச்சு அடங்கி, உடம்பு ஆறிய பிறகே சாப்பாடு. நெஞ்சுக்கூடு ஆழமான நாய் நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது. கொட்டடியில் வேலை செய்கிற யாரை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இந்தக் குளிருக்குப் புது மேனேஜர் வந்தார். ஆள் கொடுமைக்காரர் இல்லை. சிரித்துப் பேசுவார், நாய்களைத் தட்டிக்கொடுப்பார். ஆனால் எதையும் தராசில் வைத்துப் பார்ப்பார். திங்கட்கிழமை தோறும் மூட்டை நிறுக்கும் தராசில் நாய்களை ஏற்றச் சொன்னார். கோடு போட்டுக் குறித்த எடைக்குக் கீழே போன நாய் கூட்டத்தில் இருக்காது. அதைக் காவல்காரர் துப்பாக்கியோடு ஓடைப் பக்கம் கூட்டிப்போவார். எலும்பும் தோலுமாக ஓடவிடுவதுதான் பாவம் என்றார் மேனேஜர். 

சித்தப்பாவின் கவலையெல்லாம் மூக்கி. கூட்டத்தின் பாதி நாய்களுக்கு அதுதான் தாய். மோப்பத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பல் தேய்ந்துவிட்டது. சித்தப்பா கறியைக் கொத்திக் கொழுப்பில் பிசைந்து, மற்ற நாய்கள் பிடுங்காமல் இருக்கத் தனி அறையில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினார். அவர் எழுந்தால் அதுவும் தட்டை விட்டு எழுந்துவிடும். அப்படியும் விரலுக்கு எலும்பு தட்டியது. வாரா வாரம் தராசின் முள் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சித்தியும் ஜீப் டிரைவரும் சொல்லித்தான் நான் அறிவேன்.

அந்தத் திங்கட்கிழமை மூக்கி தேறாது என்று சித்தப்பாவின் விரல்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. எடை போடும் நாளில் நாய்களை வேலைக்கு அவிழ்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில், விடிந்ததும் மற்றவற்றுக்கு முன்னால் மூக்கிக்கு மட்டும் ஒரு சட்டி நிறைய வைத்தார். சாற்றில் ஊறிய மாவு, கொழுப்பு, மேலே கொஞ்சம் தண்ணீர். அது ஆச்சரியமாக அவரைப் பார்த்ததாம். பிறகு வழித்து நக்கியது.

தராசில் முள் கோட்டைத் தாண்டி நின்றது.

“பரவாயில்லையே அண்டா!” என்றார் மேனேஜர். “கெழவிக்கும் சதை வச்சிட்டீங்களே. எனக்கும் ஒரு தட்டு போடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

கடைசி நாய் தராசிலிருந்து இறங்குவதற்குள் கீழ்வயலில் காவலிருந்த ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தார். பட்டப்பகலில் ஒரு பன்றிக் கூட்டமே இறங்கிக் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருக்கிறது.

“எல்லாத்தையும் அவிழ்த்து விடுங்க,” என்றார் மேனேஜர். “மூக்கி முன்னால போகட்டும்.”

“ஐயா, அவ இன்னைக்கு வேணாங்க.”

“ஏன்?”

“கால்ல முள்ளு குத்தியிருக்குங்க.”

“எங்க, நடத்திக் காட்டுங்க.”

சித்தப்பா வாரைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும் மூக்கி தன் வயதை மறந்துவிட்டது. துள்ளியது. முன்னங்காலைத் தூக்கி மேனேஜரின் இடுப்பில் வைத்து முனகியது.

“உங்களைவிட நல்லா நடக்குது,” என்று சிரித்தார் மேனேஜர்.

“ஐயா...” என்றார் சித்தப்பா.

“சொல்லுங்க.”

பக்கத்தில் தராசு இருந்தது. அதற்குப் பின்னால் வேலியில் சாய்ந்தபடி துப்பாக்கியோடு காவல்காரர் நின்றிருந்தார்.

“ஒண்ணுமில்லீங்க,” என்றார் சித்தப்பா.

தானும் ஜீப்பில் ஏறிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார்; அவர் அப்படிக் கெஞ்சி டிரைவர் அதுவரை பார்த்ததில்லை. சமைக்கிற மனிதருக்கு வயலில் என்ன வேலை என்று நினைத்தாராம். போகும் வழியெல்லாம் “மெதுவா ஓடுடி, மெதுவா ஓடு” என்று இவர் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். மூக்கி எப்போது மெதுவாக ஓடியது? கிழங்கு வயல் முழுக்க அதுதான் முன்னால். பன்றிகளைக் காடுவரை துரத்திவிட்டு, மற்ற நாய்கள் திரும்பி வந்தபோது அது மட்டும் வரப்பில் தலையைத் தொங்கவிட்டபடி நின்றது. வாந்தி எடுக்க முயன்று முயன்று நுரைதான் வந்தது. சித்தப்பா வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மேளம் போல ஒலித்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டு டவுன் கால்நடை டாக்டரிடம் போகச் சொன்னார். பாலம் தாண்டும் முன்பே டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

மாலையில் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“வருத்தப்படாதீங்க அண்டா. வயசாயிடுச்சு, ஓடின ஓட்டத்துலயே போயிடுச்சு. நல்ல சாவு. கடைசி வரைக்கும் எடை குறையாம வச்சிருந்தீங்களே, அதான் பெரிசு. மனசு வச்சா முடியும்னு நீங்களே காட்டிட்டீங்க. இனிமேலும் எல்லாத்துக்கும் இதே கோடுதான்.”

சித்தப்பா கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

மேனேஜர் போனபின் சித்தப்பா சித்தியிடம்தான் வாய் திறந்தார். சித்தி விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, “சொல்லியிருக்கலாமேங்க,” என்றாள்.

“சொன்னா துப்பாக்கி. சொல்லலன்னா வயிறு. எதுவா இருந்தாலும் என் கையாலதான்.”

“ஒருவேளை மனசு இரங்கியிருப்பார்.”

“இருக்கலாம்,” என்றார். அந்த ‘இருக்கலாம்’தான் அவரைத் தின்கிறது என்கிறாள் சித்தி. அன்றிலிருந்து அவர் தட்டில் பாதி அப்படியே இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை மூக்கியின் பிள்ளைகளில் ஒன்று, சாம்பல் நிறத்தது, கோட்டுக்குக் கீழே நின்றது.  சித்தப்பா தராசிலிருந்து அதை இறக்கி, வாரைக் காவல்காரரிடம் தானே நீட்டினார். அது அவரையும் வரச் சொல்லி இழுத்ததாம். சித்தப்பா கொட்டகைக்குள் போய் அண்டாவுக்குள் இறங்கித் தேய்க்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே தேய்த்துக் கழுவிய அண்டா.

போன வாரம் சித்தியிடம் போனில் பேசியபோது சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“வேலைக்குப் போறார், வர்றார்,” என்றாள் சித்தி. “கொழுப்பு வாங்குறார், வேக வைக்கிறார், வெந்நி ஊத்துறார், வைக்கோல் மாத்துறார். எல்லாம் பண்றார். விலாவைத் தொட்டு மட்டும் பார்க்கிறதில்ல. ஏன்னு கேட்டேன். தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்னு கேக்குறார்.”

பின்னால் நாய்கள் குரைப்பது கேட்டது. சாப்பாட்டு நேரம். அங்கே இன்னும் பனி விட்டபாடில்லை.