அம்மை இல்லை, மாத்திரை

எனக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்ததை முதலில் பார்த்தவர் மாமியார்தான். "ஐயோ, ஆத்தா வந்திருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே வாசலில் வேப்பிலை செருகினார். சமையலில் தாளிப்பு நின்றது. தவளக்குப்பத்தில் எங்கள் தெருவில் அம்மை கண்ட வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

அது அம்மை இல்லை என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு வந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. நான் பிள்ளை உண்டாகிக் கலைந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாமியாரிடம் சொல்லவில்லை. அரசாங்கம் இலவசமாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. டவுனுக்குப் போய் வாங்கினோம். டாக்டரம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தலை சுற்ற, வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வெளியே வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வேள தவறாம போடணுமாம். அவ்ளோதான்."

இருவருக்கும் ஒரே மாத்திரை. அவருக்குப் பசி எடுத்தது, கன்னம் உப்பியது. வீட்டில் தாளிப்பு இல்லை என்று வெளியே பிரியாணி தின்றுவிட்டு வருவார், மகராசன்! எனக்கோ தோல் எரிந்தது. மாமியார் பாவம், வேப்பிலைக் கொத்தால் தடவிக் கொடுத்தபடி பக்கத்திலேயே கிடந்தார். ஆத்தா இருக்கும்போது மாத்திரை மருந்து ஆகாது என்பார். அதனால் விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் சாமி கும்பிடப் போனதும், இவர் ஓசையில்லாமல் வந்து என் உள்ளங்கையில் மாத்திரையை வைப்பார். எவ்வளவு அக்கறை என்று நான் உருகிப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வாயெல்லாம் வெந்து, தண்ணீர்கூட இறங்காமல் போனது. மாமியார் எனக்காக வேண்டிக்கொண்டு வீராம்பட்டினம் கோயிலுக்குக் கிளம்பிய அன்று, முக்காட்டைப் போட்டுக்கொண்டு நான் தனியாகப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இந்த மாத்திர பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா ஒத்துக்காம போகும்மா. தடிப்பு வந்தா உடனே கூட்டிட்டு வாங்கன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்."

அடப்பாவி! எனக்கு நோய் கொடுத்ததற்காக அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெரியாமல் நடந்தது என்று விட்டுவிட்டேன். இது தெரிந்தே செய்தது. தெரிந்துகொண்டேதான் மாத்திரையை என் கையில் வைத்திருக்கிறார்.

என்னை வார்டில் சேர்த்து, அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சாயங்காலம் அவர் வந்தார்.

"டாக்டரம்மா உங்ககிட்ட சொன்னாங்களாமே?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரின்னா அம்மாவும் கூட வரும். அதுக்கு எல்லாம் தெரிஞ்சுடுமேன்னுதான்..."

அவர் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து என் காதருகே வந்தார். வலிக்கிறதா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நம்ம ஊர்க்காரங்க யாராவது உன்ன இங்க பாத்தாங்களா?" என்றார்.