நிமியின் உடம்பில் வந்த சிவப்பு

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள் மாரீஸ்வரி. முப்பத்திரண்டு வயது. பிறந்தது, பத்தாவது வரை படித்தது, ஜெகனுக்கு வாழ்க்கைப்பட்டது எல்லாம் அந்த மலைக்குள்ளேயேதான். எதற்கும் யார் வாசலிலும் போய் நிற்க மாட்டாள் என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் அவளுக்குப் பேர். அந்த வீம்புதான் பிள்ளையைப் படுக்கப் போட்டது என்று பிற்பாடு அவளே சொல்லிக்கொண்டாள்.

ஒரே மகள் நிமி. கல்யாணமாகி ஐந்து வருஷம் காத்திருந்து பிறந்தவள், இப்போது ஒன்றாம் வகுப்பு. ஜூன் மாத மழையில் ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எச்சில் விழுங்க முடியவில்லை, தொண்டை வலிக்கிறது என்றாள். கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. மாரீஸ்வரி அந்த மாதம் ஏற்கெனவே நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் முகத்தை எண்ணிப் பார்த்தாள்; அவரிடம் போய் லீவு கேட்டு நிற்க மனசு வரவில்லை. சாதாரணக் காய்ச்சல்தானே என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு ராமலட்சுமி பாதி மருந்து இருந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள். தன் பிள்ளைக்குப் போன மாதம் வாங்கியது.

"இதே தொண்டைதான் மாரி. ரெண்டே நாள்ல கேட்டுச்சு. காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி குடு."

ரோஸ் நிறம், பழவாசனை. மூன்று நாள் ஊற்றினாள். காய்ச்சல் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை டவுனில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். வாசல் வரைக்கும் கூட்டம். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வேற மருந்து எதாச்சும் குடுத்தியா?"

ஏசுவாரோ என்ற பயத்தில், "காய்ச்சல் மருந்து மட்டுந்தான் சார்" என்றாள்.

மருந்துக் கடையில் கொடுத்த பாட்டிலைத் திறந்தபோது அதே பழவாசனை அடித்தது. ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு ஊற்றிக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மறுநாள் மாரீஸ்வரி நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

புதன்கிழமை காலையில் தலை பின்னும்போது நிமியின் காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தது. சட்டையைத் தூக்கினால் முதுகு முழுக்க. மத்தியானத்துக்குள் நெஞ்சு, வயிறு, தொடை என்று இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. தொட்டால் சூடாக இருந்தது.

ஜெகனின் அக்கா ராமுத்தாய் வந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் செருப்பை வெளியே கழற்றிப் போட்டாள்.

"அம்மை போட்டிருக்கு. இனிமே மருந்து மாத்திரைனு எதையும் வாயில வைக்காத. குளிக்க வைக்காத. தாளிப்பு வாசம் வரப்படாது."

வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. தேக்கடியில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த ஜெகனுக்கு மாரீஸ்வரி போன் போட்டாள். "அக்கா சொல்றத கேளு, சனிக்கிழமை வந்துருவேன்" என்றான். அவனும் பயந்துபோயிருந்தது குரலிலேயே தெரிந்தது.

மருந்தை நிறுத்தினாளே தவிர மனசு நிற்கவில்லை. அம்மைதானா? ராமலட்சுமி கொடுத்த மருந்து கெட்டுப் போயிருந்ததா? ரெண்டு மருந்தும் சேர்ந்து ஏதும் செய்துவிட்டதா? இரண்டு பாட்டிலையும் எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இங்கிலீஷில் இருந்த பெயர் இரண்டிலும் ஒன்றேதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது? மதினியிடம் சொன்னால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். பாட்டில்களை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

வியாழக்கிழமை நிமிக்குக் கண்ணிமை வீங்கிவிட்டது. அரிப்பு தாங்காமல் சுவரில் முதுகைத் தேய்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றுக்குப் போக எழுந்தவள், கணுக்கால் வலிக்கிறது என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எனக்கு என்ன ஆகுது?"

மாரீஸ்வரி பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கினாள். பானைக்குப் பின்னால் இருந்த பாட்டில்களையும் தடுப்பூசிக் கார்டையும் பையில் போட்டாள். ராமுத்தாய் வாசலை மறித்தாள்.

"அம்மை உள்ள பிள்ளைய ரோட்டுல கொண்டுபோறியா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்தான் மதினி. வழிய விடுங்க."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் துண்டு விலகியதைப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். நிற்க இடமில்லாத பஸ்ஸில் மாரீஸ்வரியைச் சுற்றி மட்டும் சீட்டுகள் காலியாகக் கிடந்தன. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியெல்லாம் பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று நெஞ்சில் கையை வைத்தபடியே இருந்தாள்.

தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸ் பின்சி பிள்ளையை உடனே தனி அறையில் படுக்க வைத்தாள். குழந்தைகள் டாக்டர் ஜிஸ்மி சின்ன வயசுக்காரி. மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். கண், வாய், உள்ளங்கை எல்லாம் பார்த்தாள். வயிற்றை அமுக்கினாள். தடுப்பூசிக் கார்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல் நாள்ல இருந்து மோளுக்கு என்ன மருந்தெல்லாம் கொடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லணும்."

மாரீஸ்வரி பையிலிருந்து இரண்டு பாட்டிலையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது பக்கத்து வீட்டுல குடுத்தது. டாக்டர் கேட்டப்ப மறைச்சுட்டேன். பிள்ளைய நானே கெடுத்துட்டேன் டாக்டரம்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தாள். டாக்டர் திட்டவில்லை. பாட்டில்களைத் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அது மாரீஸ்வரிக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

"இது அம்மை மாதிரி தெரியல. மருந்து ஒத்துக்காம வந்திருக்கலாம். இந்த மாதிரி நெறி கட்டுற வைரஸ் காய்ச்சல்ல இந்த மருந்து கொடுத்தாலும் இப்படி வரும். சில சமயம் காய்ச்சலே தடிப்பைக் கொண்டுவரும். எதுன்னு இப்ப சொல்ல முடியாது. வாயில புண்ணு, தோல்ல கொப்புளம் வந்தா உடனே கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அதுவரைக்கும் பார்க்கலாம்."

பின்சி ஒரு பேனாவை எடுத்து நிமியின் வயிற்றில் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். தாண்டுகிறதா என்று பார்க்கத்தான். சனிக்கிழமை காலை சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் போயிருந்தது. மாரீஸ்வரி அறைக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அழுகை வரவில்லை. மறுபடி உள்ளே போய் மகளின் வாயைத் திறந்து திறந்து பார்த்தாள்.

அன்று ஜெகன் வந்து சேர்ந்தான். அவனிடமும் மறைக்காமல் சொன்னாள்.

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கச் சொன்னவன் நானு" என்றான். பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்து வீங்கிய கணுக்காலைக் கையில் ஏந்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போயிற்று. திங்கட்கிழமை சிவப்பு மங்கி பழுப்பாகியது. கொப்புளம் வரவில்லை. நிமி தோசை கேட்டாள். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சீட்டில் மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

"ஒத்துக்காத மருந்துதானான்னு பிறகு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். அதுவரை இதைக் கொடுக்க வேண்டாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்தச் சீட்டைக் காட்டணும்."

"அப்ப எதனாலன்னு தெரியாதா டாக்டரம்மா?"

"தெரியல. உங்களாலதான்னும் என்னால சொல்ல முடியாது."

லயத்தில் ராமலட்சுமி பத்து நாள் இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் மாரீஸ்வரியே போய், "நீ நல்லதுக்குத்தான் குடுத்த. ஊத்துனது நான்" என்றாள். ராமலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உள்ளங்கையில் தோல் உரிந்து முடிந்த பிறகு நிமி பள்ளிக்கூடம் போகிறாள். மாரீஸ்வரி மட்டும் விடிந்ததும் மகளின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்புவதில்லை. நிமி கூச்சப்பட்டு நெளிவாள். ஒன்றுமில்லை என்று கண்ணால் கண்ட பிறகும், கையால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சட்டையை இறக்கி விடுவாள்.