பாத்தாச்சு பாய்

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் கௌஸ் மைதீனைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அந்த ஆளுக்கு இன்னும் நோய் நொடி எதுவும் வரவில்லை என்று அர்த்தம். பாய் மீன் பிடிக்க மாட்டார், வியாபாரமும் பண்ண மாட்டார். சீக்காளிகளை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் மனுஷனுக்குத் தொழில். "எந்த வார்டு எந்தப் பக்கம்னு டாக்டருங்களே என்னைக் கேட்டுத்தான் போவாங்கோ" என்பார். அடேயப்பா, என்ன வாய்! அந்த வாய் எண்பத்தஞ்சாம் வருஷம் ஒரு குழந்தையின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

குழந்தை பேர் மனோரமா, ரெண்டு வயசு. ஏரிக்கு அக்கரைக் குப்பத்தில் இருந்த துளசிங்கத்தின் மகள். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு உப்பல், தின்றதெல்லாம் வாந்தி. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் துளசிங்கம், "ஈரல் கட்டிக்கு வயித்துல சூடு வெச்சா அடங்கிடும்" என்று கம்பியைத் தேட ஆரம்பித்துவிட்டான். அவன் பெண்டாட்டி பச்சையம்மா பெற்றவள் இல்லையா, பதறிப்போனாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகேறி நேராகக் கௌஸ் பாயிடம் வந்து நின்றாள்.

பாய் கூட்டிப்போன மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் குழந்தையைப் படுக்க வைத்ததும், ஊசி எங்கே இருக்கிறது என்று அவள் சுற்றிலும் தேடினாள். ஈரலில் ஊசியை விட்டுச் சதை எடுப்பார்கள் என்று ரயிலில் யாரோ சொல்லித் தொலைத்திருந்தார்கள். மிஷின் பக்கத்தில் இருந்த டாக்டரம்மா சிரித்தார்.

"ஊசியும் இல்ல, கத்தியும் இல்லம்மா. காதுக்குக் கேக்காத சத்தம் உள்ள போய்த் திரும்பி வரும். அதை வெச்சு இந்த டிவியில ஈரல் படமாத் தெரியும். இதுக்குப் பேரு ஸ்கேன்."

வயிற்றில் குளுகுளுவென்று எதையோ தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை மேலும் கீழும் நகர்த்தினார். குழந்தை அழக்கூட இல்லை.

"ஈரலைப் பாத்தாச்சு. வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்" என்றார் டாக்டரம்மா.

அங்கேதான் வந்தது வினை. நம் ஊரில் டாக்டர் 'பாத்தார்' என்றால் வைத்தியம் பண்ணிவிட்டார் என்று அர்த்தம். பல்லைப் பாத்தார் என்றால் பிடுங்கியாச்சு. பிரசவம் பாத்தார் என்றால் பிள்ளை பிறந்தாச்சு. அப்போ, ஈரலைப் பாத்தாச்சு என்றால்?

"அதான் பாத்தாச்சே! இன்னும் இன்னாத்துக்குக் குந்திகினு கீறே? எழுந்திரு, ரயில் பூடும்" என்றார் கௌஸ்.

"இல்ல பாய், உக்காரச் சொன்னாங்களே..."

"ஆஸ்பத்திரியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

பச்சையம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ரயிலையும் பிடித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் டீக்கடையில் பாயைக் கையில் பிடிக்க முடியவில்லை. யாராவது ஒரு சோம்பேறியைப் பெஞ்சில் படுக்க வைத்து, வயிற்றில் தேங்காயெண்ணெய் தடவி, டீ கிளாசைக் கவிழ்த்து உருட்டிக் காட்டுவார். "காதுல விழாத அதட்டல் ஒண்ணு போட்டாங்கோ பாரு, நோய் எழுந்து ஓடியே பூட்ச்சி!" மூட்டுவலிக்காரர் ஒருவர் தனக்கும் ரெண்டு அதட்டல் போடச் சொல்ல வேண்டும் என்று பாயைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கூத்து.

அப்படி ஒரு நாள் கிளாஸ் உருண்டுகொண்டிருக்கும்போது பச்சையம்மா வந்தாள். தோளில் குழந்தை துணி மாதிரித் தொங்கியது.

"பாய், கண்ணு முன்னவிட மஞ்சளாக் கீது. வெளிக்கி சுண்ணாம்பாட்டம் போவுது. அவரு மறுபடி கம்பியத் தேடறாரு."

"மிஷின் வேலை மெதுவாத்தாம்மா..."

"மிஷின் கெடக்கட்டும்! அந்தம்மா உக்காரச் சொன்னாங்க. நீதான இஸ்துகினு வந்தே!"

கடையே திரும்பிப் பார்த்தது. பாய் எப்படியாவது சமாளித்திருப்பார், அவருக்கா வார்த்தைக்குப் பஞ்சம்? ஆனால் குழந்தை தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டது. கண் மஞ்சள் கிழங்காக இருந்தது. யா அல்லா, நானே இந்தப் பிள்ளையைக் கொன்றுவிட்டேனா? கிளாசைப் போட்டுவிட்டு எழுந்தார். ரயிலடிக்குப் போகிற பொன்னேரி பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. குறுக்கே போய் நின்று கையை விரித்தார்.

ஆஸ்பத்திரியில் பாயைப் பார்த்ததும் டாக்டரம்மா அடிக்காத குறை. "பாத்தாச்சுன்னா பாத்தோம்னு அர்த்தம்யா! வைத்தியம் ஆயிடுச்சுன்னு யாரு சொன்னது? பித்தம் இறங்கற குழாயில நீர்க்கட்டி. அன்னிக்கே ஆபரேஷனுக்குச் சேக்கணும்னு வெளிய வந்து தேடினா, ஆளைக் காணோம்!"

பச்சையம்மா கேட்டாள்: "நம்ம ஏரி முகத்துவாரம் மண்ணு அடைச்சுக்குமே, அந்த மாதிரியாம்மா?"

"அதே மாதிரிதான்மா."

"அப்ப வெட்டி விட்ருங்க. தண்ணி ஓடிச்சின்னா பொழைச்சுக்கும்."

வெட்டி விட்டார்கள். ஆபரேஷன் முடிகிற வரைக்கும் பாய் ஒரு டீ குடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வாட்ச்மேன் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று கேட்டாராம்.

ஊருக்குப் பட்டப்பேர் வைக்கச் சொல்லித் தர வேண்டுமா? அன்றிலிருந்து அவர் 'பாத்தாச்சு பாய்'. சீக்காளிகளை இப்பவும் கூட்டிப்போகிறார். ஆனால் டாக்டர் ஒரு தடவை சொன்னதை மூன்று தடவை திருப்பிக் கேட்டு உயிரை வாங்குகிறார். பட்டப்பேரைச் சொல்லி எவனாவது கூப்பிட்டால் அவன் பரம்பரைக்கே அர்ச்சனை நடக்கும்.

மனோரமாவுக்கு மட்டும் அந்த அர்ச்சனை கிடையாது. வயிற்றில் நீளத் தழும்போடு படகிலிருந்து குதித்து, "பாத்தாச்சி பாய்!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். "இன்னாடி கண்ணு" என்று குனிந்து, அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முதல் வேலையாகக் கண்ணைப் பார்ப்பார். பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.