மீசைக்கு எத்தனை மார்க்?

பிளவுஸ் தைக்கிறவளுக்குத் திட்டு, துணியைக் கொடுத்த பிறகுதான் விழும்; நடுவராக உட்காருகிறவளுக்குப் பேனாவைத் திறக்கும்போதே விழ ஆரம்பித்துவிடும். இரண்டு வேலையும் பார்க்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன். கோலப் போட்டி, சமையல் போட்டி, பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி என்று எதற்காவது நடுவராகப் போய், திரும்பி வரும் வழியில் பாதி ஊரின் பகையைச் சம்பாதித்தவரா நீங்கள்? அப்படியானால் வாருங்கள், நீங்கள் நம்மாள்.

அரியாங்குப்பத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெண் வேடப் போட்டிக்கு நடுவர். இளசுகள் இதை 'டிராக்' என்கிறார்கள். திருநங்கைகளுக்கான அழகிப் போட்டி வேறு. அவர்கள் எல்லா நாளும் பெண்கள். இது வேடம் கட்டுகிறவர்களின் போட்டி. வாரம் முழுக்க பைக் ரிப்பேர் பார்க்கிறவரும் பேங்க் கவுண்டரில் உட்காருகிறவரும் ஞாயிறு மதியம் புடவையோ கவுனோ உடுத்தி, தனக்கென்று ஒரு ராணிப் பெயர் வைத்துக்கொண்டு மேடையேறுவார்கள். ஜெயிப்பவருக்குக் கிரீடம். மதியம் ஏன் என்றால், சாயங்காலம் அந்த மண்டபத்தில் யாருக்காவது ரிசப்ஷன் இருக்கும்.

வேலை கிடைத்த விதம்

போட்டியை நடத்துவது ஜெனி. கருவடிக்குப்பத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் திருநங்கை, என் பழைய வாடிக்கையாளர். தானும் ஒரு நடுவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் முசியே சவரிராயன் இன்னொருவர், மூன்றாவது நான் என்று அவளே முடிவு பண்ணிவிட்டு வந்தாள். ஐந்து கட்டம் போட்ட தாளை நீட்டினாள். உடை, ஒப்பனை, நடை, கேள்விக்குப் பதில், பெண் தோற்றம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஒவ்வொருவரும் நடந்து முடித்ததும் மார்க்கை மைக்கிலேயே வாசிப்பார்களாம். நடுவர் தீர்ப்பே இறுதி, அப்பீல் கிடையாது என்ற விதிக்கு அடியில் மூன்று நடுவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வாழ்நாளில் மூன்று முறைதான் போட்டியிடலாம்.

"எனக்கு அழகைப் பற்றி என்னடி தெரியும்?" என்று கேட்டேன். ஜெனி என் கடைச் சுவரில் மாட்டியிருந்த பிளவுஸ்களை ஒரு சுற்று பார்த்தாள். அதில் பாதி, மற்ற டெய்லர்கள் கெடுத்து, நான் பிரித்துத் தைத்தவை.

"அழகப் பாக்க ஊரே இருக்குதுக்கா. தப்பப் பாக்கத்தான் ஆளு இல்ல. நீ வா."

ஆன், து, ஆன், து

முசியே நல்ல மனிதர். ஆனால் நடை என்றால் அவருக்கு அணிவகுப்பு நடை ஒன்றுதான் தெரியும். முதல் வருடம், எலக்ட்ரீஷியன் ஒருவர் பச்சைச் சேலையில், இடுப்பில் ஒட்டியாணத்தோடு ஒயிலாக ஒசிந்து வந்தார். மண்டபமே விசிலடித்தது. முசியே மட்டும் மேசைக்கடியில் ஷூவைத் தட்டி, 'ஆன், து' என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு நடைக்கு மூன்று போட்டார். இடது கால் லேட்டாம்.

மைக்கில் மூன்று என்று வாசித்ததும் அந்த எலக்ட்ரீஷியன் ஒட்டியாணத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"இடுப்ப ஆட்டலாம்னுதான் வந்தேன் முசியே, எல்லையக் காக்க வரல."

முக்காடு

அதே வருடம்தான் ஏழுமலையை முதன்முதலில் பார்த்தேன். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் வாசற்காவல் வேலை. பழைய பிரெஞ்சு போலீஸ் மாதிரி சிவப்புத் தொப்பி வைத்து, வருகிற கார்களுக்கெல்லாம் சலாம் போட்டுக் கதவு திறந்துவிட வேண்டும். அந்த வேலையே அவருக்கு மீசையால் கிடைத்தது. இரண்டு பக்கமும் முறுக்கி, நுனி மேலே பார்த்து நிற்கிற மீசை. அதை எடுத்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லித்தான் சேர்த்திருந்தார்.

மேடையில் அவர் பெயர் 'மிஸ் ரோஸ்லின்'. முக்காட்டை மூக்கு வரை இழுத்து, கண்ணாலேயே ஒரு பாட்டு முழுக்க ஆடினார். என்ன கண்! கேள்விச் சுற்றில் முகம் தெரியாமல் எப்படி மார்க் போடுவது என்று நான்தான் முக்காட்டை விலக்கச் சொன்னேன். விலக்கினார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பெண் தோற்றத்துக்கு இரண்டு போட்டேன். அன்றைக்கு அதுதான் நியாயம் என்று நினைத்தேன். கீழே இறங்கும்போது அவர் கோபப்படாமல் ஒன்று சொன்னார். அதுதான் என்னைப் படுத்தியது.

"இது என் மீச இல்ல மேடம், ஓட்டலோடது. கயட்டி வெக்க எனக்கு உரிமையில்ல."

ஆண்களுக்குத் தைப்பதில்லை

நடுவராக இருப்பவள் போட்டியாளருக்குத் தைத்துக் கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் போட்டிக்கு முந்தின மாதம் எந்த ஆணிடமிருந்தும் பிளவுஸ் ஆர்டர் எடுப்பதில்லை என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். இரண்டாம் வருடம், வாட்டசாட்டமான ஒருவர் ஒரு பையோடு கடைக்கு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளிருந்து ஓர் அளவு பிளவுஸை எடுத்தார். அந்த வெட்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. "தைரியமா போட்டியிடுங்க தம்பி, ஆனா நான் தைக்க மாட்டேன். இன்னொண்ணும் சொல்றேன், இது உங்க தோளுக்குப் பத்தாது" என்றேன்.

"என் தோளுக்கு எதுக்குங்க பத்தணும்? இது என் வூட்டுக்காரி அளவு பிளவுஸு."

பசை

இரண்டாம் வருடம் ஏழுமலை முக்காடு இல்லாமல் வந்தார். வேடக்காரர்கள் புருவத்தைப் பசையால் படிய வைத்து, மேலே பவுடர் பூசி மறைத்துவிட்டு, புதுப் புருவம் வரைவார்கள். அதே வித்தையை அவர் மீசைக்குச் செய்திருந்தார். அவருடைய மனைவி வசந்தா காலையிலிருந்து நாலு அடுக்குப் பூசியிருக்கிறாள். நடை வரை பிரமாதம். கேள்விச் சுற்றில் ஜெனி ஏதோ வேடிக்கையாகக் கேட்க, ஏழுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் இடது நுனி எழுந்தது. பிறகு வலது. பவுடர் பொடிப்பொடியாக உதிர, ஓட்டல் மீசை பழையபடி மேலே பார்த்து நின்றது.

பெண் தோற்றத்துக்கு இந்த முறை மூன்று பேரும் இரண்டு போட்டோம். முன்வரிசையில் இருந்த வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாலு பூச்சும் நல்லாத்தான் புடிச்சிருந்துச்சி. இந்த மனுசன் சிரிப்பத்தான் அடக்க முடியல."

பத்துக்கு நாலு

என் நடுவர் வாழ்க்கையின் மகத்தான தவறும் அதே மதியம்தான் நடந்தது. ஏழாம் எண் போட்டியாளரைக் கூப்பிட்டார்கள். மயில் கழுத்து நிறப் பட்டில், கை நிறைய வளையலோடு ஒருவர் மேடையின் ஓரத்திலிருந்து வந்தார். கூட்டம் கைதட்டியது. அவரும் திகைத்து, கையசைத்து, மேடையை ஒரு தடவை கடந்து கீழே இறங்கினார். ஜெனி யாரையோ வரவேற்க வாசலுக்குப் போயிருந்தாள். நடையில் தளர்ச்சி என்று முசியே முணுமுணுத்தார். எனக்கும் தோள் கொஞ்சம் முரடாகத்தான் தெரிந்தது. பெண் தோற்றத்துக்கு நாலு போட்டேன். மைக்கில் வாசித்தும் விட்டார்கள்.

அவர் போட்டியாளர் இல்லை. கதிர்காமத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் மேரி சிஸ்டர், அன்றைய சிறப்பு விருந்தினர். டியூட்டி முடிந்து தாமதமாக வந்தவர், வழி தெரியாமல் ஒப்பனை அறைக்குள் நுழைந்து மேடைக்கு வந்துவிட்டார். உண்மையான ஏழாம் எண் இன்னும் உள்ளே கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். மேரி சிஸ்டரோ இடுப்பில் கைவைத்து, மைக்கை வாங்கி, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அம்பது வருசமா பொம்பளையாத்தான் இருக்கேன். அதுக்கு நாலு மார்க்குதானா மேடம்?"

ஐந்தாவது கட்டம்

அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவருக்கே நாலு மார்க் போடுகிற கட்டம் எதை அளக்கிறது? அதை வைத்துத்தானே ஏழுமலையை இரண்டு தடவை இறக்கிவிட்டேன்? வேடம் என்று தெரிந்துதானே எல்லோரும் கைதட்டுகிறார்கள்! ஜெனியிடம் போய், அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு 'மிடுக்கு' என்று எழுது என்றேன். அவள் எழுதினாள். ஆனால் மார்க் தாளைப் போட்டி நாள் வரை வெளியே காட்டுவதில்லை என்பது எங்கள் வழக்கம்.

மூன்றாம் வருடம், போட்டிக்கு ஒரு வாரம் முன்பு வசந்தா என் கடைக்கு வந்தாள். ஏழுமலைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. சனிக்கிழமை மீசையை எடுத்துவிடுவதாக முடிவு பண்ணிவிட்டாராம். திங்கட்கிழமை வேலை இருக்காது. "கிரீடம் ஒருநாளு, வேல தெனமும்னு சொல்லிட்டேங்கா, கேக்கமாட்டேங்குது" என்று அழுதாள். கட்டம் மாறியதை அவளுக்கு மட்டும் சொன்னால் நான் நடுவரே இல்லை; சொல்லாவிட்டால் மனுஷியே இல்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி கருவடிக்குப்பம் போனேன். எல்லாப் போட்டியாளரும் பார்க்கிற மாதிரி மார்க் தாளை பார்லர் கதவில் ஒட்டும்வரை ஜெனியை விடவில்லை. மறுநாள் வசந்தா அந்தத் தாளை விரல் வைத்து மூன்று தடவை படித்துவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"மீச பொயச்சிகிச்சிக்கா!"

கதவு

அந்த ஞாயிறு ஏழுமலைதான் கடைசி. அதற்கு முன் வெள்ளைக் கவுனில் வந்த ஒரு கல்லூரி மாணவர் நூற்றைம்பதுக்கு நூற்று முப்பத்தொன்று வாங்கி, கிரீடத்தைப் பாதி தலையில் வைத்துவிட்டார். அடுத்து 'மதாம் மீசை' என்று அறிவித்தார்கள். அரக்குப் பட்டுப்புடவை. காதில் ஜிமிக்கி. முறுக்கிய மீசையின் இரண்டு நுனியிலும் அதே ஜிமிக்கி, சின்னதாக. தலையில் சிவப்புத் தொப்பி. முதலில் சிரித்தவர்கள், அவர் நின்ற நிற்பைப் பார்த்து அடங்கினார்கள். இல்லாத ஒரு கதவை இழுத்துத் திறந்தார். விறைப்பாகச் சலாம் வைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவு வழியாகத் தானே மகாராணியாக உள்ளே நடந்தார். முசியேயின் ஷூ தட்டுவதை மறந்து நின்றிருந்தது.

கேள்வியை முசியேதான் கேட்டார்: "மீசையோட வந்திருக்கீங்களே, ஏன் மதாம்?" ஏழுமலை ஒரு நுனி ஜிமிக்கியைச் சுண்டிவிட்டார். அது ஆடி நின்ற பிறகு சொன்னார்.

"தெனமும் எல்லாருக்கும் கதவத் தொறந்து உடறேன் முசியே. இன்னிக்கி ஒருநாளு நானே உள்ள போறேன். இத்தினி நாளு கூடவே நின்னுச்சே, அதுவும் வரட்டும்னு மீசையக் கூட்டியாந்துட்டேன்."

இரண்டு மார்க்

மண்டபம் எழுந்து நின்றுவிட்டது. நான் மட்டும் என் வழக்கப்படி அவரைத் திரும்பச் சொல்லி பிளவுஸின் முதுகைப் பார்த்தேன். வசந்தா கையால் தைத்தது. லைனிங் சுத்தம், கைச்சுற்று கச்சிதம். ஆனால் கொக்கி வரிசை கோணல். என் பேனா ஒரு நிமிடம் நின்றது. ஜெயிக்க நூற்று முப்பத்தொன்றைத் தாண்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கோணல் கோணல்தானே? உடைக்கு எட்டு போட்டேன். மைக்கில் எட்டு என்று வாசித்ததும் கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டது.

பிறகு மற்றவை வந்தன. முசியே நடைக்குப் பத்து. அவர் சரித்திரத்தில் முதல் பத்து. மிடுக்குக்கு மூன்று பேரும் பத்து. மொத்தம் நூற்று முப்பத்தைந்து! ஜெனி கிரீடத்தை வைக்க, ஏழுமலை கைகூப்பி அழுதார். மீசையில் ஜிமிக்கி இரண்டும் குலுங்கின. நானும் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்? வசந்தா மேடையேறி அவரைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்தாள்.

"கெலிச்சது இருக்கட்டும்க்கா. அந்த ரெண்டு மார்க்கு எங்க போச்சி?"

திங்கட்கிழமை

மறுநாள் நூல் வாங்க டவுனுக்குப் போனவள், மனசு கேட்காமல் அந்த ஓட்டல் பக்கம் போனேன். போட்டோ எல்லோர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. வேலைக்கு ஆபத்து வந்திருக்குமோ என்று பயம். ஏழுமலை வாசலில்தான் நின்றார். தொப்பி, மீசை எல்லாம் அதனதன் இடத்தில். காரில் வந்து இறங்கிய ஒரு குடும்பம் அவரோடு படம் எடுக்க வரிசையில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

என்னைப் பார்த்ததும் ஏழுமலை விறைப்பாகச் சலாம் வைத்து, கண்ணாடிக் கதவை அகலத் திறந்தார். "உள்ள போங்க மதாம், ஒரு காப்பி என் கணக்கு" என்றார். நூல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் விடுவிடுவென்று நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நடைக்கு ஆறு போடலாம் மதாம். அவசரத்தக் கொறச்சா ஏயு."

மூன்று வருடமாக ஊரார் நடைக்கெல்லாம் மார்க் போட்ட எனக்குக் கடைசியில் கிடைத்தது ஆறு, அதற்கு அப்பீல் போகலாம் என்றால் நடுவர் தீர்ப்பே இறுதி என்கிற விதியில் நானும் அல்லவா கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!