மாப்பிள்ளைச் செலவு

தோழிகளே, படித்துவிட்டு இந்தக் கடிதத்தை அடுத்தவளுக்கு அனுப்பிவிடுங்கள்.

எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பம் வாங்க, இன்று நானும் அப்பாவும் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறினோம். வழியில் பெரியப்பாவும் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதப் படிச்சா என்ன வேலை?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி லேப்ல எடுப்பாக. காலேஜ்லயும் பாடம் நடத்தலாம்" என்றேன்.

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "பொட்டப்புள்ளைய இம்புட்டுப் படிக்க வச்சா, அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளையில்ல தேடணும்? அவன் எம்புட்டு நகை கேப்பான்? ரெட்டைச் செலவுடா தம்பி."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு செலவு போதும் பெரியப்பா. மாப்பிள்ளைச் செலவ விட்ருவோம்."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

விண்ணப்பம் கொடுக்கும் இடத்தில் அப்பாவே முன்னால் போனார். "ரெண்டு குடுங்க" என்றார். "இன்னொண்ணு எங்கண்ணன் மகளுக்கு. அவளும் இந்த வருசம் பி.எஸ்ஸி. முடிக்கிறா."

அதைப் பெரியப்பா வீட்டில் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. உங்களில் தைரியசாலி யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள்.